உதைக்கத் தெரிந்த பையன்

"பந்த ஒதச்சா சோறு வந்திருமாக்கும்?"

கம்பம் பள்ளத்தாக்கில் இது மிகவும் பழைய கேள்வி. கூடலூரிலிருந்து தேனி வரைக்கும் எந்த ஊரில் வேண்டுமானாலும், சாயங்காலம் விளக்கு வைக்கிற வேளையில், புழுதிக் காலோடு வீடு திரும்பும் பையனைப் பார்த்து ஒரு தகப்பனார் இதைக் கேட்பதை நான் கேட்டிருக்கிறேன். சில வீடுகளில் பந்துக்குப் பதிலாகக் கபடி வரும். பெரியகுளத்துப் பக்கம் போனால் கூடைப்பந்து வரும். கேள்வியின் சாரம் மட்டும் மாறுவதில்லை.

கேட்கிறவர் கொடுமைக்காரர் அல்லர். 1895-ல் பெரியாறு அணையின் தண்ணீர் இந்தப் பக்கம் திரும்பியது முதல் இங்கே நிலத்துக்கு ஓய்வு கிடையாது. நிலத்தோடு இருக்கிற மனிதனுக்கும் கிடையாது. இருபோக நெல், கம்பத்துத் திராட்சை, போடி சந்தைக்குப் போகும் ஏலக்காய் எல்லாமே கை வேலையைக் கேட்கிறவை. விடிவதற்கு முன்பே மலையேறிக் கேரளத்து ஏலத் தோட்டங்களுக்குக் கூலி ஆட்களை ஏற்றிச் செல்லும் ஜீப்புகளைப் பார்த்தவர்களுக்கு, ஒரு பையனுடைய இரண்டு மணி நேரத்துக்கு இங்கே என்ன விலை என்பது தெரியும். ஆகவே கேள்வி நியாயமானது. அதற்குப் பதிலை எதிர்பார்த்து யாரும் கேட்பதில்லை என்பதுதான் அதில் உள்ள குறை.

சரித்திரம் படிக்கிறவனுக்கு ஒரு கெட்ட வழக்கம் உண்டு. பதில் வேண்டாத கேள்வியாக இருந்தாலும் பதிலைத் தேடிக்கொண்டு புறப்பட்டுவிடுவான். நானும் அப்படித்தான் புறப்பட்டேன். பந்தை நன்றாக உதைத்த ஒரே காரணத்துக்காக ஒரு பள்ளிக்கூடத்துப் பையனைக் கல்லூரி தேடி வந்து அழைத்துக்கொண்டு போனது உண்டா? போனால், பிறகு அவன் என்ன ஆனான்? இந்த இரண்டு கேள்விகளுக்கும் விடை தேடியபோது முதலில் அமெரிக்காவுக்கும், பிறகு நாகர் மலைக்கும், கடைசியில் நம் மதுரைச் சீமைக்கும் நான் போய்வர நேர்ந்தது. பிரயாணம் முழுவதும் புஸ்தகத்தின் வழியாகத்தான், செலவு ஒன்றுமில்லை.

அமெரிக்கர்கள் கால்பந்து என்று சொல்லுகிற ஆட்டம் நம்முடைய கால்பந்து அல்ல. முட்டை வடிவத்தில் ஒரு பந்து. அதைக் கையில் இடுக்கிக்கொண்டு ஓடுவார்கள், எறிவார்கள், ஒருவர்மேல் ஒருவர் விழுவார்கள். இவ்வளவும் கைக்கும் தோளுக்கும் உள்ள வேலை. காலுக்கு உள்ள வேலை மூன்றே மூன்று. ஆட்டத்தைத் தொடங்கும்போது பந்தை எதிர்ப் பக்கத்தின் கோடி வரைக்கும் உதைப்பது ஒன்று. நட்டு வைத்த இரண்டு கம்பங்களுக்கு நடுவே உதைத்துப் புள்ளி சேர்ப்பது இன்னொன்று. முன்னேற வழியில்லாதபோது பந்தைக் கையிலிருந்து நழுவவிட்டு, தரையில் விழுவதற்குள் வானத்தில் உயர உதைத்து எதிரியைப் பின்னுக்குத் தள்ளுவது மூன்றாவது.

பார்ப்பதற்கு மூன்றும் ஒன்றுபோல இருக்கும். உண்மையில் மூன்றும் மூன்று வித்தைகள். தொடக்க உதைக்குத் தூரம் வேண்டும். கம்பத்து உதைக்குக் குறி வேண்டும். நெஞ்சு அமைதியாகவும் இருக்க வேண்டும். மூன்றாவது உதையில் பந்து எவ்வளவு நேரம் அந்தரத்தில் நிற்கிறது என்பதைக் கணக்குப் பார்ப்பார்கள். அது நிற்கிற நேரத்துக்குள் நம் ஆட்கள் ஓடிப்போய் எதிரியைச் சூழ்ந்துகொள்ள வேண்டுமே! நம் பள்ளத்தாக்கில் ஆடி மாதத்தில் கணவாய் வழியாக வீசும் மேல்காற்றை எதிர்த்துப் பந்து ஆடிய பையன்களுக்கு இதன் கஷ்டத்தைச் சொல்லித் தெரியவைக்க வேண்டியதில்லை. உதைத்த பந்து உதைத்தவனிடமே திரும்பி வருவதை நான் பார்த்திருக்கிறேன்.

மூன்று வித்தையும் ஒரே பையனிடம் இருந்தால் கல்லூரிக்கு அவன்மேல் தனி ஆசை. காரணம் வீரத்தின்மேல் உள்ள மதிப்பு அல்ல, சிக்கனம். பெரிய அமெரிக்கக் கல்லூரி ஒன்று தன் கால்பந்து அணிக்கு இத்தனை பேருக்குத்தான் உபகாரச் சம்பளம் தரலாம் என்று 1973-ல் ஒரு வரம்பு வந்தது. அப்போது 105 பேர். பிறகு அது 95 ஆயிற்று. 1990-களின் நடுவில் 85 ஆகிக் குறைந்து, 2024 வரை அப்படியே நின்றது. மூன்று பேர் செய்கிற வேலையை ஒருவனே செய்தால் இரண்டு உபகாரச் சம்பளம் மிச்சம். கலியாண வீட்டில் நாதஸ்வரமும் தானே வாசித்து, சமையலையும் தானே பார்த்துக்கொள்ளும் ஒருவன் கிடைத்தால் பெண்ணைப் பெற்றவர் விடுவாரா?

இந்த ஆசை எப்போதுமே இருந்ததில்லை. உதைக்கிறவனைத் தனியாகத் தேடும் வழக்கத்துக்குக் காரணமானவர்களில் முதலில் சொல்ல வேண்டியவன் ஓர் அகதிப் பையன். ஹங்கேரி நாட்டின் தலைநகரான புடாபெஸ்டில் 1942-ல் பிறந்தவன். பெயர் பீட் கோகோலாக். தகப்பனார் டாக்டர். 1956-ல் ஹங்கேரியர்கள் கிளர்ச்சி செய்தார்கள். சோவியத் டாங்கிகள் அதை நசுக்கின. அந்தக் குடும்பம் ஆஸ்திரியாவுக்குத் தப்பி, அங்கிருந்து அமெரிக்காவுக்குப் போய், நியூயார்க் மாநிலத்தின் வட கோடியில் ஆக்டன்ஸ்பர்க் என்ற சிற்றூரில் குடியேறியது. பையனுக்கு அப்போது வயது பதினான்கு.

அந்த ஊர்ப் பள்ளிக்கூடத்தில் அவனுக்குத் தெரிந்த கால்பந்து அணி கிடையாது. முட்டைப் பந்து ஆட்டம்தான் இருந்தது. அதில் அமெரிக்கப் பையன்கள் நேராக ஓடிவந்து பெருவிரல் நுனியால் பந்தை உதைப்பார்கள். இவனோ தன் ஊரில் பழகியபடி பக்கவாட்டிலிருந்து சாய்ந்து ஓடிவந்து புறங்காலால் உதைத்தான். பார்த்தவர்களுக்குச் சிரிப்பு, பந்தைத் தரையில் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தவனுக்குப் பயம்! ஆனால் புறங்காலில் பந்து படும் இடம் அகலமானது; விரல் நுனியைவிடக் குறி தவறுவது குறைவு. இந்த எளிய கணக்கை அந்த ஆட்டக்காரர்கள் அதுவரை போட்டுப் பார்க்கவில்லை.

பையன் கார்னெல் சர்வகலாசாலையில் சேர்ந்தான். இங்கே ஒரு விஷயத்தைக் கவனிக்க வேண்டும். கார்னெல் சேர்ந்திருக்கும் எட்டுக் கல்லூரிகளின் கூட்டம் 1954-ல் செய்துகொண்ட ஒப்பந்தப்படி, விளையாட்டுக்கென்று எவருக்கும் உபகாரச் சம்பளம் கொடுப்பதில்லை. படிக்க வந்தவன் ஆடலாம். ஆடுவதற்கென்று விலை கொடுத்து வாங்க மாட்டார்கள். 1961 முதல் 1963 வரை அவன் அந்த அணிக்கு ஆடினான். தொடர்ந்து 44 கூடுதல் புள்ளி உதைகளைத் தவறாமல் அடித்தது அந்நாளில் கல்லூரி ஆட்டத்தில் ஒரு சாதனை.

1964-ல் பஃபலோ பில்ஸ் என்ற தொழில் அணி அவனை எடுத்துக்கொண்டது. அதுவும் பன்னிரண்டாவது சுற்றில். அவ்வளவு நம்பிக்கை! அந்த ஆண்டும் அடுத்த ஆண்டும் அந்த அணி தன் சங்கத்தின் சாம்பியன் ஆயிற்று. 1966-ல் போட்டிச் சங்கத்தைச் சேர்ந்த நியூயார்க் ஜயண்ட்ஸ் அணி அவனை இழுத்துக்கொண்டது. அதனால் இரண்டு சங்கங்களும் ஒன்றன் ஆட்களை மற்றொன்று கவர ஆரம்பித்தன. சில வாரங்களிலேயே, இது கட்டாது என்று கண்டு இரண்டும் ஒன்றாகிவிடுவதாக அறிவித்தன. கிளர்ச்சிக்குப் பயந்து ஓடிவந்த பையன், தான் போய்ச் சேர்ந்த இடத்திலும் ஒரு சிறு கிளர்ச்சியை உண்டாக்கிவிட்டான்.

அவனுடைய தம்பி சார்லியும் அப்படியே உதைப்பவன். பிரின்ஸ்டனில் படித்தவன். 1966-ல் வாஷிங்டன் அணி அவனை முதல் சுற்றில் ஆறாவது ஆளாகத் தேர்ந்தெடுத்தது. அண்ணனுக்குப் பன்னிரண்டாவது சுற்று. இரண்டே ஆண்டில் தம்பிக்கு முதல் சுற்று. உதைக்கிறவனுக்குச் சந்தையில் விலை எப்படி ஏறிற்று என்பதற்கு வேறு சாட்சி வேண்டாம். அதே ஆண்டு நவம்பர் 27-ஆம் தேதி அண்ணன் அணியும் தம்பி அணியும் மோதின. தம்பியின் கட்சி 72, அண்ணன் கட்சி 41. தம்பி மட்டும் ஒன்பது கூடுதல் புள்ளிகளையும், கடைசி விநாடிகளில் மூன்று புள்ளி உதை ஒன்றையும் அடித்தான். அண்ணனுக்கு அது நல்ல நாளாக இருந்திருக்க முடியாது.

இவர்கள் இருவரும் கம்பத்து உதைக்காரர்கள். எல்லா உதையும் தெரிந்தவன் என்று சொல்ல வேண்டுமானால் ரே கை என்பவரைச் சொல்ல வேண்டும். ஜார்ஜியா மாநிலத்தில் தாம்ஸன் என்ற சிற்றூரின் பள்ளியில் படித்தவர்; தெற்கு மிஸிஸிப்பி சர்வகலாசாலைக்குப் போனார். அங்கே உயர உதைப்பதும் அவரே, கம்பத்துக்கு உதைப்பதும் அவரே, போதாததற்குத் தடுப்பு வரிசையில் நின்று ஆடுவதும் அவரே. 1972-ல் கொட்டும் பனியில் 61 கஜ தூரத்திலிருந்து கம்பங்களுக்கு நடுவே அடித்தார். நம் கணக்கில் ஏறக்குறைய 56 மீட்டர். மறு ஆண்டு ஓக்லண்ட் ரெய்டர்ஸ் அணி அவரை முதல் சுற்றிலேயே எடுத்தது. உயர உதைப்பவன் ஒருவனுக்கு அப்படி நடந்தது அதுவே முதல் தடவை. அதற்கு மேலான கௌரவமாகிய புகழ் மண்டபத்தில் அவருக்கு இடம் கிடைக்க 2014 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. உதைக்கிறவனையும் ஆட்டக்காரன் என்று ஒப்புக்கொள்ள அவ்வளவு காலம்!

இதுவரை கேட்டால் தேன்போல் இருக்கிறது. இதற்கு ஒரு மறுபக்கம் உண்டு.

அமெரிக்கக் கல்லூரி விளையாட்டுச் சங்கம் உபகாரச் சம்பளத்துக்கு வரம்பு கட்டிய அதே 1973-ல் இன்னொரு விதியும் செய்தது. நாலு வருஷப் படிப்புக்கும் சேர்த்து ஒரே கையெழுத்தில் கொடுக்கிற வழக்கம் போய், ஆண்டுக்கு ஆண்டு புதுப்பிக்கிற வழக்கம் வந்தது. அதாவது, இந்த ஆண்டு நன்றாக உதைத்தால் அடுத்த ஆண்டு படிக்கலாம். முழங்கால் போயிற்று என்றால்? புதுப்பிப்பதும் புதுப்பிக்காததும் கல்லூரியின் மனசு. பல ஆண்டுகளுக்குச் சேர்த்துக் கொடுக்கலாம் என்று மறுபடியும் அனுமதி வந்தது 2012-ல்தான். இடையில் ஓடிப்போனது ஏறக்குறைய நாற்பது வருஷம்.

இன்னொரு விதியையும் சொல்ல வேண்டும். அது நல்ல விதி. எவ்வளவு பெரிய உதைக்காரனாக இருந்தாலும், பள்ளியில் பதினாறு முக்கியப் பாடங்களைப் படித்து முடித்து, நான்குக்கு 2.3 என்ற சராசரியாவது வாங்கினால்தான் பெரிய கல்லூரிகளில் முதல் ஆண்டே களத்தில் இறங்கலாம். காலுக்கு வேலை கொடுக்கு முன்பு தலையைக் கொஞ்சம் சோதித்துப் பார்க்கிறார்கள். 'விளையாட்டில் கெட்டிக்காரன், படிப்பு வராவிட்டால் போகிறது' என்று நினைக்கிற நம் ஊர் வாத்தியார்கள் சிலருக்கு இந்த விதியை எழுதி அனுப்பலாமா என்று எனக்குத் தோன்றுவதுண்டு.

இனி நம் தேசத்துக்கு வருவோம். பந்தாட்டத்தையும் படிப்பையும் இரு கையில் பிடித்து, இரண்டையும் நழுவவிடாத ஒருவரைக் காட்டு என்றால் நான் காட்டுவது தாலிமெரன் ஆவ் என்பவரை. 1918-ல் நாகர் மலையில் சாங்கி என்ற கிராமத்தில் ஒரு கிறிஸ்தவப் போதகரின் வீட்டில் பிறந்தார். பன்னிரண்டு குழந்தைகளில் நாலாவது. சிறு வயதில் கந்தல் துணிப் பந்தைத்தான் உதைத்துப் பழகினார். 1935-ல் தகப்பனார் விஷக் காய்ச்சலில் இறந்து போனார். மகன் டாக்டராகித் தன் ஜனங்களுக்கு வைத்தியம் செய்ய வேண்டும் என்பது அவருடைய ஆசை.

ஜோர்ஹாட் மிஷன் பள்ளியிலிருந்து கௌஹாத்தி காட்டன் கல்லூரிக்குப் போனார் பையன். பந்தில் மட்டுமல்ல, உயரத் தாண்டுவதிலும் நீளத் தாண்டுவதிலும் வாலிபாலிலும் முன்னால் நின்றார். அந்த ஊர் மகாராணா கிளப்பில் ஆடினார். முன்வரிசையில் நின்று ஆடியவரை நடுவே இழுத்து, தடுப்பதற்கும் கொடுப்பதற்கும் பழக்கினார்கள். எங்கே நிறுத்தினாலும் ஆடுகிற பையன்! 1942-ல் கல்கத்தாவில் கார்மைக்கேல் வைத்தியக் கல்லூரியில் இடம் கிடைத்தது. மகாராணா கிளப்பில் கூட ஆடிய சரத் தாஸ் அவரை மோகன் பகான் கிளப்புக்கு அழைத்துப் போனார். ஒரு வருஷத்துக்குள் அந்தப் பெரிய அணியின் தலைவரே அவர்தான்.

1948-ல் லண்டன் ஒலிம்பிக்ஸ். சுதந்திர இந்தியாவின் முதல் ஒலிம்பிக் கால்பந்து அணிக்கு ஆவ்தான் தலைவர். தேசக் கொடியைத் தாங்கிச் சென்றவரும் அவரே. ஜூலை 31-ஆம் தேதி பிரான்சோடு ஆட்டம். நம்மவர்களில் பெரும்பாலோர் வெறுங்காலர்கள். இரண்டுக்கு ஒன்று என்ற கணக்கில், அதுவும் ஆட்டம் முடியப்போகிற நிமிஷத்தில் விழுந்த கோலால் தோற்றோம். நமக்கு ஒரு கோல் அடித்தவர் தெற்கத்திக்காரர், மைசூர் ராஜ்யத்து எஸ். ராமன். ஆனால் அன்று நமக்கு இரண்டு பெனால்டி உதைகள் கிடைத்தன, இரண்டும் வீணாயின. நின்று குறி பார்த்து உதைக்கிற ஒரு காலின் விலையைச் சில சமயம் ஒரு தேசமே அறிந்துகொள்ள நேருகிறது.

எனக்கு அந்த ஆட்டத்தைவிட அதற்குப் பின் நடந்ததுதான் பெரிதாகத் தோன்றுகிறது. ஆவ் 1950-ல் வைத்தியப் பட்டம் வாங்கினார். பந்தைக் கீழே வைத்தார். 1953-ல் கோஹிமா ஆஸ்பத்திரிக்குப் போனார். பிற்பாடு நாகாலாந்தின் சுகாதாரத் துறைக்கே இயக்குநராகி, 1978-ல் ஓய்வு பெற்றார். 1998-ல் காலமானார். பந்து அவரைக் கல்கத்தாவின் பெரிய மைதானங்களுக்கும் லண்டனுக்கும் கொண்டுபோயிற்று; படிப்பு அவரைத் தன் ஊருக்குத் திருப்பிக் கொண்டுவந்து சேர்த்தது. இரண்டில் ஒன்று இல்லாதிருந்தால் மற்றொன்றின் கதை பாதிக் கதைதான்.

நம் மதுரைச் சீமையில் இப்படி ஏதாவது உண்டா என்று கேட்பீர்கள். உண்டு, அதுவும் பெண்களிடத்தில். மதுரையிலிருந்து அருப்புக்கோட்டை போகிற பாதையில் காரியாபட்டி என்ற ஊர். அங்குள்ள சேது கல்விக் குழுமத்தின் ஆதரவில் 2016-ல் சேது எஃப்.சி. என்ற பெண்கள் கால்பந்து அணி உருவாயிற்று. 2019 மே மாதத்தில் லூதியானாவில் நடந்த இந்தியப் பெண்கள் லீக் இறுதி ஆட்டத்தில் மணிப்பூர் போலீஸ் அணியை மூன்றுக்கு ஒன்று என்று வென்று, அந்த அணி இந்தியாவின் சாம்பியன் ஆயிற்று. மணிப்பூரைப் பெண்கள் கால்பந்தில் வெல்வது, தஞ்சாவூர்க்காரனைத் தவில் வாசித்து வெல்வது போல! அந்த அணிக்கு ஆடியவர்களில் கடலூர் இந்துமதி கதிரேசன் ஒருவர். இந்திய அணிக்கும் ஆடியவர். தமிழ்நாடு போலீசில் சப்-இன்ஸ்பெக்டர். சோறு வருமா என்று கேட்டவர்கள் இவரை ஒரு தடவை பார்த்தால் போதும்.

நம் பெரியகுளத்தில் சில்வர் ஜூபிலி விளையாட்டுக் கழகம் வருஷாவருஷம் கோடையில் அகில இந்தியக் கூடைப்பந்துப் போட்டி நடத்துகிறது. பாங்கு அணிகளும் ராணுவமும் ரயில்வேயும் அங்கே வந்து ஆடுவதைத் திண்டில் உட்கார்ந்து பார்க்கிற பையனுக்கு, ஆட்டத்தால் உத்தியோகம் வரும் என்பதை யாரும் போதிக்க வேண்டியதில்லை. கண்ணெதிரே ஆடிக்கொண்டிருக்கிறவர்களே உத்தியோகஸ்தர்கள்!

கால்பந்துப் பையனுக்கு அந்தப் பாக்கியம் இல்லை. அவன் என்ன செய்வது? தமிழ்நாட்டில் பொறியியல் படிப்புக்கு ஆண்டுதோறும் 500 இடங்களை விளையாட்டு வீரர்களுக்கென்று ஒதுக்கியிருக்கிறார்கள். அது பெரிய காரியம். ஆனால் அங்கே யாரும் பையனை உதைக்கச் சொல்லிப் பார்ப்பதில்லை. சர்டிபிகேட்டைப் பார்க்கிறார்கள். மாவட்டத்துக்கு ஆடினானா, மாநிலத்துக்கு ஆடினானா, தேசத்துக்கு ஆடினானா என்பதே கணக்கு. ஆகவே நன்றாக உதைத்தால் மட்டும் போதாது. எங்கே உதைத்தான் என்று எழுதிய காகிதமும் வேண்டும். 1996-ல் தேனி தனி மாவட்டமான பிறகு, நம் பையன்கள் மதுரைப் பட்டணத்துப் பையன்களோடு முட்டி மோதாமலே தங்கள் மாவட்டத்துக்கு ஆட வழி பிறந்தது. புதிய கலெக்டர் கச்சேரியைப் பற்றிப் பேசுகிற நாம் இந்தச் சின்ன லாபத்தைப் பற்றிப் பேசுவதில்லை.

இதைத் தவிர, தனியார் கல்லூரிகளின் பயிற்சியாளர்கள் பள்ளிப் போட்டிகளுக்கு நேரே வந்து பார்த்து, 'சம்பளம் வேண்டாம், விடுதி இலவசம், சாப்பாடு இலவசம்' என்று அழைத்துப் போவதும் உண்டு. நல்லதுதான். ஆனால் அமெரிக்காவின் நாற்பது வருஷக் கதையைப் படித்த பிறகு, பள்ளத்தாக்கின் தகப்பனார்களிடம் எனக்கு ஒரு வேண்டுகோள் உண்டு. பையனை அழைக்க வருகிறவர்களிடம் மூன்று கேள்வி கேளுங்கள். இந்த இலவசம் ஒரு வருஷத்துக்கா, படிப்பு முடிகிற வரைக்குமா? காலில் அடிபட்டால் என்ன ஆகும்? ஆட்டத்துக்காக வகுப்புக்குப் போகாத நாட்களுக்குப் பாடத்தை யார் சொல்லிக் கொடுப்பார்கள்? பதிலைக் காகிதத்தில் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். மாடு வாங்கப் போனால் பல்லைப் பிடித்துப் பார்க்கிறோம். மகனை அனுப்பும்போது கேட்பதற்கு என்ன கூச்சம்?

அந்தப் பழைய கேள்விக்குச் சரித்திரம் சொல்கிற பதில் இவ்வளவுதான். பந்தை உதைத்தால் சோறு வரும், சிலருக்கு வந்திருக்கிறது. ஆனால் பந்து கதவு வரைக்கும்தான் கொண்டுபோய் விடும். உள்ளே போய் உட்கார்ந்து படிக்க வேண்டியது பையன். அவன் படித்து முடிக்கிற வரைக்கும் கதவு திறந்திருக்கும்படி பார்த்துக்கொள்ள வேண்டியது பெரியவர்களாகிய நம் பொறுப்பு.